கடைந்த மரப்பந்து உருண்டையாக வராவிட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அரைக் குதிரைத்திறன் மோட்டாரில் ஓடும் சிறிய கடைசல் லேத்தையும், பட்டறையிலேயே செய்துகொண்ட கருவிகளையும் வைத்து 40 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை விட்டமுள்ள மரப்பந்துகளைக் கடைபவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போகும் சாலையில், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள மரவேலைக்காரர்கள் மாடிப்படித் தூணின் தலைக்கும் கட்டில் காலுக்கும் இப்படிப்பட்ட பந்துகளைக் கேட்டு வருவார்கள். ஒரு பந்து என்றால் கண்ணளவில் கடைந்து கொடுத்துவிடலாம். ஒரே அளவில் எட்டு வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்று கேட்கும்போதுதான் கருவியில் ஒளிந்திருக்கும் பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இங்கே பேசப்படும் கருவிகள் மூன்று. முதலாவது சுழல் தாங்கி. லேத் பெட்டின் (அடிச்சட்டத்தின்) மீது பூட்டிய கனமான பலகையிலோ இரும்புத் தகட்டிலோ செங்குத்தாக ஓர் ஆணி நிற்கும். அந்த ஆணியைச் சுற்றி ஒரு கை திரும்பும். கையின் நுனியில் 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் என்னும் வெட்டுமுனை இருக்கும். கையை இடமிருந்து வலமாகத் திருப்பினால் பிட்டின் முனை வட்டத்தில் நகர்ந்து, சுழலும் கட்டையைப் பந்தாக வெட்டும். இரண்டாவது வளைய உளி. பழைய பேரிங்கின் வெளிவளையத்தையோ இரும்புக் குழாயின் துண்டையோ ஒரு கம்பியின் தலையில் பொருத்திச் செய்வது. மூன்றாவது, தேய்ந்த அரத்தைச் சாணை பிடித்துச் செய்த சுரண்டு உளி.

பந்தில் தெரியும் குறைகள் இரண்டு வகை. ஒன்று வடிவக் குறை, மற்றொன்று பரப்புக் குறை. வடிவம் என்பது முழுக்க முழுக்க அச்சுகள் எங்கே சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது. பரப்பு, முனையின் கூரையும் வேகத்தையும் நாரின் போக்கையும் பொறுத்தது. பந்து நீண்டிருக்கும்போது உளியைச் சாணை பிடிப்பதும், நார் பிய்ந்திருக்கும்போது தாங்கியை இடம் மாற்றுவதும் வீண் வேலை. எனவே எந்த அறிகுறியானாலும் முதலில் அளந்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

எப்படி அளப்பது

வெர்னியரால் மூன்று அளவு எடுக்க வேண்டும். லேத்தின் அச்சு போன இரண்டு புள்ளிகளைத் துருவம் என்றும், அவற்றுக்கு நடுவே பந்தைச் சுற்றிச் செல்லும் பெரிய வட்டத்தை இடுப்பு என்றும் வைத்துக்கொள்வோம். துருவத்திலிருந்து துருவம் வரை ஓர் அளவு. இடுப்பில் ஆண்டு வளையங்களின் குறுக்கே ஓர் அளவு. அதே இடுப்பில் அதற்குச் செங்குத்தாக இன்னோர் அளவு.

இடுப்பில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்து, துருவ அளவு மட்டும் வேறுபட்டால், பிழை தாங்கியில் இருக்கிறது. இடுப்பின் இரண்டு அளவுகளே தமக்குள் வேறுபட்டால் தாங்கியின் மேல் பழி போடக் கூடாது. உறுதியாகப் பிடிக்கப்பட்ட கட்டையின் குறுக்குவெட்டை லேத் வட்டமாகத்தான் வெட்டும். அது நீள்வட்டமாகத் தெரிந்தால், ஒன்று கடையும்போது கட்டை பிடியில் அசைந்திருக்கிறது, அல்லது கடைந்த பிறகு மரம் சுருங்கியிருக்கிறது. இந்த ஒரு பாகுபாடு, பாதி நாள் வீணாவதைத் தடுக்கும்.

துருவம் நீண்டோ குறுகியோ இருக்கிறது

சுழல் ஆணியின் நடுக்கோட்டை மேல்நோக்கி நீட்டினால் அது லேத்தின் அச்சை நேராக வெட்ட வேண்டும். வெட்டினால், பிட்டின் முனை எங்கே போனாலும் அந்தச் சந்திப்புப் புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கும். ஆகவே வருவது பந்தாகவே இருக்கும். ஆணி, கடைபவர் நிற்கும் பக்கமோ எதிர்ப்பக்கமோ விலகியிருந்தால் அந்தத் தூரம் இடத்துக்கு இடம் மாறும்.

ஆணி கடைபவரை விட்டு அப்பால் விலகியிருந்தால் இடுப்பு மெலிந்து, துருவங்கள் எலுமிச்சம்பழத்தின் முனைபோல் கூர்ந்து நிற்கும். கடைபவரை நோக்கி விலகியிருந்தால் இடுப்பு பருத்துப் பந்து சப்பையாக இருக்கும். விலகல் பெரிதாக இருந்தால் துருவத்தில் லேசான குழியும் விழும். சிறிய விலகலில் அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது என்பதால் குழி இல்லை என்பதை வைத்துத் தாங்கி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

எவ்வளவு நகர்த்துவது என்பதை அளவே சொல்லிவிடும். ஆணி விலகும்போது துருவ நீளம் ஏறக்குறைய மாறாது. மாற்றம் முழுவதும் இடுப்பில்தான் விழும், அதுவும் விலகலைப் போல் இரண்டு மடங்காக விழும். எடுத்துக்காட்டாக, 60 மி.மீ. பந்துக்கு வைத்துக் கடைந்தபோது துருவ அளவு 60 மி.மீ., இடுப்பு 58.8 மி.மீ. வந்தது என்று கொள்வோம். வித்தியாசம் 1.2 மி.மீ. அதில் பாதியான 0.6 மி.மீ.தான் ஆணியின் விலகல். இடுப்பு மெலிந்திருப்பதால் ஆணி அப்பால் போயிருக்கிறது, தாங்கியை 0.6 மி.மீ. தம்மை நோக்கி இழுத்துப் பூட்டினால் அடுத்த பந்து சரியாக வரும். இடுப்பு 61.2 மி.மீ. வந்திருந்தால் அதே 0.6 மி.மீ. அப்பால் தள்ள வேண்டும். வித்தியாசம் முழுவதையும் நகர்த்தினால் பிழை எதிர்ப்பக்கம் அதே அளவில் முளைக்கும். அதனால் பாதி என்பதை மறக்கக் கூடாது.

அரை மில்லிமீட்டரைச் சுத்தியலால் தட்டி நகர்த்த முடியாது. தாங்கியின் அடியில், பெட்டின் உள்விளிம்பைத் தொட்டு நிற்கும்படி ஒரு மரச்சட்டத்தைத் திருகி வைத்துக்கொண்டால், அந்தச் சட்டத்துக்கும் பெட்டுக்கும் நடுவே தகட்டுத் துண்டுகளைச் செருகி இடத்தைத் துல்லியமாக மாற்றலாம். குளிர்பான அலுமினியக் குப்பியின் பக்கச்சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம் கொண்டது, கத்தரியால் வெட்டலாம், கடையில் போய் வாங்க வேண்டியதும் இல்லை. சரியான எண்ணிக்கை தெரிந்த பிறகு அத்தனை துண்டுகளையும் சட்டத்தோடு ஒட்டிவிட்டால், தாங்கியைக் கழற்றி மாட்டினாலும் இடம் மாறாது.

இந்தச் சோதனைக்கு நல்ல தேக்கை வீணாக்க வேண்டியதில்லை. காய்ந்த ரப்பர் மரமோ மாமரமோ போதும். ஆனால் லேத்தின் இரு கூர்முனைகளுக்கு (சென்டர்) நடுவே பிடித்துக் கடைந்த பந்தில் துருவத்தில் காம்பு (பந்தைப் பிடியோடு இணைக்கும் மெல்லிய தண்டு) நிற்பதால் துருவ அளவை எடுக்க முடியாது. சோதனைக் கட்டையைச் சக்கில் (கட்டையைக் கவ்வும் பிடியில்) ஒரு பக்கம் மட்டும் பிடித்து, வலப்பக்கத் துருவம் முழுதாக வரும்படி வெட்டி, இடப்பக்கக் காம்பை முடிந்த அளவு மெலிதாக்கி அறுத்து, அந்த இடத்தைப் பந்தின் வளைவோடு சேர்த்துச் சீவிய பிறகு அளக்க வேண்டும்.

துருவம் வெட்டாமலேயே அளக்க ஒரு வழி உண்டு. பந்தை விடச் சிறிய விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றின் வாயை நேராகத் தேய்த்து, அதைப் பந்தின் இடுப்பில் வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடிக்க வேண்டும். உண்மையான பந்தின் மீது குழாயின் வாய் சுற்றிலும் ஒட்டி நிற்கும். லேத்தில் கட்டை கிடக்கும் நிலையில், குழாய் வாயின் மேலும் கீழும் வெளிச்சம் தெரிந்தால் இடுப்பு மெலிந்திருக்கிறது. இடப்புறமும் வலப்புறமும் தெரிந்தால் இடுப்பு பருத்திருக்கிறது. இது எவ்வளவு என்று சொல்லாது, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும்.

இரண்டு சென்டர்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாத லேத்தில், அதாவது டெயில்ஸ்டாக் (வலப்பக்க சென்டரைத் தாங்கும் பகுதி) சற்று ஒதுங்கியிருக்கும் லேத்தில், சக்கில் பிடித்துச் சரிசெய்த தாங்கி இரு முனைப் பிடிப்பில் மறுபடி பிழை காட்டும். கட்டையின் உண்மையான அச்சு மாறிவிட்டதே காரணம். எந்தப் பிடிப்பில் வேலை செய்யப் போகிறோமோ அந்தப் பிடிப்புக்கே தாங்கியைச் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு பந்தும் ஒவ்வோர் அளவில் வருகிறது

தாங்கியை அசைக்காமலேயே ஒரு பந்து நீண்டும் அடுத்தது சப்பையாகவும் வந்தால், சுழல் ஆணியில் ஆட்டம் இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பிட்டின் முனையை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தெரியும். போல்ட்டை வெறும் துளையில் சுழலவிட்டால் சில நாளில் துளை அகன்றுவிடும். பித்தளை புஷ் (துளைக்குள் பொருத்தும் குழல்) அடித்து, மேலும் கீழும் அகலமான வாஷர் வைத்து, கை சற்று இறுக்கமாகவே திரும்பும்படி நட்டைப் பூட்டி, அதன் மேல் இன்னொரு நட்டைப் போட்டு நிறுத்த வேண்டும். கையில் கொஞ்சம் கனமாகத் திரும்புவது குறையல்ல, நல்லதே.

துருவத்தில் குமிழ் நிற்கிறது, அல்லது குழி விழுகிறது

இது பிட்டின் உயரத்தைப் பற்றியது. பலர் இதைக் கண்டவுடன் பந்தின் வடிவமும் கெட்டுவிட்டதாக நினைத்துத் தாங்கியை நகர்த்தத் தொடங்குகிறார்கள். பிட்டின் முனை லேத் அச்சின் மட்டத்துக்கு மேலோ கீழோ இருந்தாலும், ஆணி அச்சை வெட்டுகிற வரையில், முனை செல்லும் பாதையின் ஒவ்வொரு புள்ளியும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே வருவது பந்துதான், ஒரு மயிரிழை பெரிய பந்து. முனை 30 மி.மீ. ஆரத்தில் இருந்து 2 மி.மீ. கீழே இறங்கியிருந்தால் கிடைக்கும் ஆரம் 30.07 மி.மீ.; யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் முனை அச்சைத் தொட முடியாததால் துருவத்தில் 4 மி.மீ. விட்டமுள்ள குமிழ் வெட்டப்படாமல் நிற்கும். குமிழின் விட்டத்தை அளந்து அதில் பாதியைக் கண்டால் உயரப் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முனை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைக் குமிழே காட்டும். மேலே இருந்தால் பிட்டின் அடிப்பக்கம் மரத்தில் உரசி, குமிழ் மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கும். கீழே இருந்தால் முனை அடியில் நுழைந்து குமிழைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். குழி விழுவது அதனால்தான். பிட்டின் மேல்முகத்தைச் சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் கீழே இறங்குகிறது என்பதால், நேற்று வரை சரியாக இருந்த தாங்கி சாணைக்குப் பிறகு குழி போடுவதில் ஆச்சரியம் இல்லை. அடியில் ஒரு தகட்டுத் துண்டை வைத்து உயர்த்த வேண்டும்; அல்லது மேல்முகத்தைத் தொடாமல் முன்முகத்தை மட்டும் சாணை பிடிக்கப் பழக வேண்டும்.

கையால் கடைந்த பந்தில் தோள் தெரிகிறது

தாங்கி இல்லாமல் உளியால் மட்டும் கடையும்போது வரும் பொதுவான குறை இது. துருவமும் இடுப்பும் சரியான அளவில் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தோள் புடைத்து நிற்கும். கண் இடுப்பையும் முனையையும் பார்க்கும். நடுவில் உள்ளதை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதாக நம்பிக்கொள்ளும். இதற்குக் கண்ணை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும்.

விட்டமும் நீளமும் சமமான உருளையைக் கடைந்து, இரு முனையிலிருந்தும் விட்டத்தின் 0.293 பங்கு தூரத்தில் பென்சில் கோடு போட வேண்டும். முனை முகத்தில் விட்டத்தின் 0.414 பங்கு விட்டத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். 75 மி.மீ. பந்தானால் இருபுறமும் 22 மி.மீ. விட்டு நடுவில் 31 மி.மீ. மிஞ்சும்; முனை முகத்து வட்டமும் அதே 31 மி.மீ. கோட்டிலிருந்து வட்டத்துக்கு நேர்ச்சரிவாக வெட்டினால் பக்கவாட்டில் பார்க்கும்போது எட்டுப்பட்டை தெரியும். எட்டுப்பட்டையின் ஒவ்வொரு பட்டை நடுவிலும் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோடுகளைத் தொடாமல் மூலைகளை மட்டும் சீவிக்கொண்டே போனால் தோள் நிற்க இடமில்லை. சரிவை வளைவாக வெட்டுவது, எட்டுப்பட்டை முடியுமுன் உருட்டத் தொடங்குவது, இரண்டுமே தோளைக் கொண்டுவரும்.

அதன் பின் காம்புகளை அறுத்துவிட்டுப் பந்தை இரண்டு மரக்கிண்ணங்களுக்கு நடுவே, பழைய இடுப்புக் கோடு இப்போது துருவங்கள் வழியாகப் போகும்படி, கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சுழலும்போது மையத்தில் அழுத்தமான உருவமும் அதன் ஓரத்தில் மங்கலான நிழலும் தெரியும். பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் வெளிறிய மரத்தில் நிழல் தெளிவாகத் தெரியும். நிழல் இருக்கும் இடம்தான் உயர்ந்த இடம். பழைய பென்சில் கோடு மறையாமல், நிழல் மட்டும் மறையும் வரை சுரண்ட வேண்டும். பிறகு முதல் இரண்டு அச்சுக்கும் செங்குத்தான மூன்றாம் அச்சில் ஒரு முறை பிடித்தால் போதும். அதற்கு மேல் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் பந்தைச் சிறிதாக்குகிறார்களே தவிர உருண்டையாக்குவதில்லை.

பென்சில் கோடு ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் அப்படியே நின்றால், பந்து கிண்ணத்தில் நடுவாக உட்காரவில்லை என்று பொருள். சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பந்தைத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும்.

கிண்ணத்தில் பந்து வழுக்குகிறது, கறுக்கிறது

கிண்ணம் பந்தை விட மென்மையான மரத்தில் இருக்க வேண்டும். அதன் வாய் பந்தின் விட்டத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவே இருக்கலாம். உள்பக்கம் பந்தின் வளைவுக்கே குழிக்க வேண்டியதில்லை. கூம்பாகக் குழித்தால் பந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் தானே நடுவில் உட்காரும். சைக்கிள் டியூப் துண்டை உள்ளே ஒட்டினால் வழுக்கல் நிற்கும். டெயில்ஸ்டாக் பக்கக் கிண்ணம் பேரிங் வைத்த சுழலும் சென்டரில் இருக்க வேண்டும். சுழலாத சென்டரில் வைத்தால் என்ன ஒட்டினாலும் பந்து கறுக்கத்தான் செய்யும்.

பிடி வெறும் உராய்வினால் நிற்கிறது என்பதால் இந்த நிலையில் 75 மி.மீ. பந்தை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் ஓட்ட நான் விரும்புவதில்லை. நான்கு காந்தத் துருவங்கள் உள்ள மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று ஓடும்; நேர் கப்பியில் (இரு பக்கமும் ஒரே அளவுள்ள கப்பியில்) பெல்ட் போட்டால் அதே வேகம் லேத்தின் தலைக்கும் வரும் என்பதை நினைவில் வைத்து, படிக்கப்பியில் பெல்ட்டை மாற்றிய பிறகே பந்தைப் பிடிக்க வேண்டும். முகக்கவசம் இல்லாமல் இந்தக் கட்டத்துக்குப் போகவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

வளைய உளி கடிக்கிறது

வளைய உளியின் நன்மையே அதன் வடிவத்தில் இருக்கிறது. பந்தை எந்தத் தளத்தில் வெட்டினாலும் வட்டமே கிடைக்கும் என்பதால் வளையத்தின் வாய் பந்தின் மீது எங்கும் படியும். உயர்ந்த இடத்தை மட்டும் தொட்டு எடுக்கும். ஆனால் வளையத்தை நேராகப் பந்தின் நடுவை நோக்கி அழுத்தினால் வாய் முழுவதும் ஒரே நேரத்தில் மரத்தைத் தொட்டு, சூடேறி, பந்தைக் கிண்ணத்திலிருந்து பிடுங்கிவிடும். கைப்பிடியைச் சற்று ஒதுக்கி, வளையத்தின் ஓரத்தில் விரலகலம் மட்டும் தொடும்படி வைத்து, மெதுவாகப் பந்தின் மேல் உருட்டிச் செல்ல வேண்டும். முழு வாயையும் ஒட்டிப் பார்ப்பது மோட்டாரை நிறுத்திய பின் சோதனைக்காக மட்டும்.

புடைத்த பந்தைத் தொடுவது வளையத்தின் உள்விளிம்புதான். ஆகவே சாணை வெளிப்பக்கம் சரிவாகப் பிடிக்கப்பட்டு, உள்விளிம்பு முன்னே நிற்க வேண்டும். வெளிவிளிம்பைக் கூராக்கிவிட்டு உளி வெட்டவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பேரிங் வளையத்தில் உள்விளிம்பு பிறப்பிலேயே மழுங்கலாக இருக்கும். அந்த மழுங்கல் மறையும் வரை முகத்தைத் தட்டையாகத் தேய்க்க வேண்டும். 75 மி.மீ. பந்துக்கு 6204 எண் பேரிங் பொருத்தமானது; அதன் வெளிவிட்டம் 47 மி.மீ. பழுதான பேரிங் எந்த மோட்டார் பட்டறையிலும் கேட்டால் கிடைக்கும். பேரிங் எஃகு கடினமானது, அடித்தால் சில்லாகத் தெறிக்கும். வளையத்தைப் பிரிக்கும்போது சாக்கில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கம்பியோடு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் (எஃகின் கடினத்தன்மை) போய்விடும். திருகுக் கிளாம்பால் பிடிப்பதே நல்லது. குழாயில் செய்வதானால் நாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைச் சூடாக்கக் கூடாது. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குழாய் இரும்பு மென்மையானது, பந்துக்கு ஒரு முறையாவது சாணை கேட்கும்.

முனை சீக்கிரம் மழுங்குகிறது, அல்லது ஒடிகிறது

தேக்கில் மணல் போன்ற சிலிக்கா துகள்கள் இயற்கையாகவே இருப்பதால் எந்த உளியும் அதில் சீக்கிரம் மழுங்கும். அது கருவியின் குற்றமல்ல. ரப்பர் மரத்திலும் பலாவிலும் அதே வேகத்தில் மழுங்கினால்தான் பதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அரத்தில் செய்த உளியின் நுனி சாணையில் நீலமாக மாறியிருந்தால் அந்த நீலம் உள்ள பகுதியின் பதம் போய்விட்டது. நீலம் முழுவதையும், இம்முறை அடிக்கடி தண்ணீரில் நனைத்து, தேய்த்து எடுத்துவிட வேண்டும். எச்.எஸ்.எஸ். பிட் நீலமானால் கவலை வேண்டாம், அது அந்தச் சூட்டைத் தாங்கும்; ஆனால் அதைச் சூடாகத் தண்ணீரில் முக்கினால் மயிரிழை வெடிப்பு விழலாம்.

ஒடிவது இதற்கு நேர்மாறான குறை. அரம் அரமாக இருக்கும்வரை கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்தில் இருக்கிறது. பற்கள் இருபுறமும் முழுதாகத் தேய்க்கப்பட வேண்டும், ஏனென்றால் வெடிப்பு பல்லின் அடியிலிருந்துதான் தொடங்கும். பிறகு பளபளப்பாகத் தேய்த்த இரும்பை, அது வைக்கோல் மஞ்சள் நிறம் ஏறும் வரை, ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில், சீராகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். பேக்கரி அடுப்பு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்.

வரிவரியாக அதிர்வுக் கோடு விழுகிறது

பிட் தாங்கியிலிருந்து அதிகம் நீட்டிக்கொண்டிருப்பது, ஆணியில் ஆட்டம், மெலிந்துபோன காம்பு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். காம்பை விட்டத்தின் கால் பங்குக்குக் குறையாமல் கடைசி வரை வைத்திருந்தால் பெரும்பாலான அதிர்வு வராது. வேகத்தை ஒரு படி குறைத்தால் கோடுகளின் நெருக்கம் மாறும். மாறினால் அது அதிர்வு, மாறாவிட்டால் முனையில் பல் (சிறு உடைப்பு) விழுந்திருக்கிறது.

பந்தின் இரண்டு இடங்களில் மட்டும் நார் பிய்கிறது

எதிரெதிராக இரண்டு இடங்களில் சொரசொரப்பு இருப்பது நாரின் வெட்டுமுகம் அங்கே வெளியே தெரிவதால் வருவது. நார் லேத் அச்சோடு ஓடும் முதல் பிடிப்பில், எப்போதும் இடுப்பிலிருந்து துருவத்தை நோக்கி, பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு இறங்கியே வெட்ட வேண்டும். ஏறி வெட்டினால் நாரின் நுனியைத் தூக்கிவிடும். கால் சுற்றுத் திருப்பிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுமுகம் இரண்டு முறை முனைக்கு எதிரே வரும். அங்கே இறங்கும் திசை என்று ஒன்று கிடையாது. புதிதாகச் சாணை பிடித்த வளைய உளி, மிகக் குறைந்த அழுத்தம், அவ்வளவுதான். பிய்ந்த இடத்தில் அரக்குப் பாலிஷைத் தடவிக் காயவிட்டுச் சுரண்டினால் நார் விறைத்து நின்று வெட்டுப்படும். உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்ப்பது கூடாது. அங்கே பள்ளம் விழுந்து வடிவம் கெடும்.

தென்னை மரத்தை இந்த வேலைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. அடித்தண்டின் வெளிப்பகுதி மட்டும் பந்துக்கு ஆகும். நடுப்பகுதியின் மென்மையான திசு எந்த உளிக்கும் பிய்யும். புளிய மரத்தின் வைரம் (கெட்டியான நடுக்கட்டை) நன்றாக மினுங்கும், ஆனால் பின்னிய நார், பொறுமை வேண்டும்.

கடைந்தபோது உருண்டை, பிறகு நீள்வட்டம்

இடுப்பின் இரு அளவும் மாறுபடுவது இந்த வகை. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் பொதுவாக ஏறத்தாழ இரண்டு மடங்கு; நாரின் நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். ஆகவே ஈரமாகக் கடைந்த பந்து காய்ந்த பிறகு மூன்று திசையிலும் மூன்று அளவாக இருக்கும். வளையத்தின் வழியே ஒரு சதவீதம் சுருங்கினாலே 75 மி.மீ. பந்தில் 0.75 மி.மீ. போய்விடும்.

செங்கோட்டைப் பக்கம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் நாளில் பட்டறையில் கிடக்கும் கட்டை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து அறுத்தவுடன் வரும் கட்டையோ ஏற்கெனவே ஈரமானது. சாரலில் கடைந்த பந்தைக் கோடையில் அளந்தால் வேறு அளவு காட்டும். சரியான வழி இரண்டு முறை கடைவது. 75 மி.மீ. பந்துக்கு முதலில் 84 மி.மீ. அளவில் உருட்டி, வெட்டுமுகம் தெரியும் இரு துருவத்திலும் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எடையைப் பந்தின் மேலேயே பென்சிலால் எழுதி வர வேண்டும். எடை இறங்காமல் நின்ற பிறகு மறுபடி கடைய வேண்டும்.

ரப்பர் மரத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு அப்படியே பொருந்தாது. மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் ஈரத்தோடு வைத்தால் சீக்கிரமே நீலப் பூஞ்சணம் உள்ளே இறங்கும், பின்னால் துளைக்கும் வண்டும் வரும். நீலக்கறை ஆழமாகப் போய்விட்டால் சுரண்டி எடுக்க முடியாது. அந்தப் பந்தை வண்ணம் பூசும் வேலைக்கு ஒதுக்க வேண்டியதுதான். போரிக் உப்பில் பதப்படுத்தி உலர்த்திய பலகையாகவே ரப்பர் மரத்தை வாங்குவது நல்லது. பச்சைக் கட்டைதான் கிடைக்கிறது என்றால், அறுத்த அன்றே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, பிறகு ஒன்றன் மேல் ஒன்று படாமல் குச்சி வைத்து அடுக்க வேண்டும்.